தோட்டப் பள்ளி ஆசிரியரும் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளும்



சென்ற பருவத்தில் ஒரு திங்கட்கிழமை. சுங்கை செம்பிலாங் பக்கம் விடியற்காலையில் பிடித்த மழை பள்ளி மணி அடித்த பிறகும் விடவில்லை. ஓர் ஆசிரியர் விடுப்பு. இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தோம். ஓட்டின் விரிசல் வழியே ஒழுகிய தண்ணீருக்கு ஒரு வாளியை வைத்தோம். கணினியில் ஏற்ற வேண்டிய அறிக்கைகள் வேறு வரிசையாகக் காத்துக் கிடந்தன. அந்த நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பேரனைக் குடைக்குள் அணைத்தபடி ஒரு பாட்டி வந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அவருடையது. எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே, "உங்களுக்கென்ன டீச்சர், மழையோ வெயிலோ, நிழல்லதானே வேலை!" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. பெரட்டுக்கு இருட்டில் எழுந்து போனவர், கித்தா மரத்தடியில் கொசுக்கடியில் நின்றவர், செம்பனைக் குலையைத் தோளில் சுமந்தவர் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. நாங்களும் சிரித்துக்கொண்டோம். ஆயினும் அந்தச் சொல் வாரம் முழுவதும் மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. நிழலில் செய்யும் வேலையில் அப்படி என்ன பாரம் இருக்கிறது? அந்தப் பாரத்தோடு ஓர் ஆசிரியர் எப்படி ஆண்டுக்கணக்காக ஒரே தோட்டத்தில் நிலைத்து நிற்கிறார்? இன்றைய உரையில் வரலாற்றைத் துணைக்கு அழைத்து, அந்தப் பாட்டிக்கு ஒரு பதில் சொல்லப் பார்ப்போம்.

நம் நாட்டில் தமிழ்க் கல்வியின் கதை 1816-இல் தொடங்குகிறது. பினாங்கில் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவிய பள்ளியில் அந்த ஆண்டு தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வருவதற்கு அதன்பின் நெடுங்காலம் ஆயிற்று. நம் முன்னோர் காப்பித் தோட்டத்திலும் கரும்புத் தோட்டத்திலும் உழைத்து, பிறகு கித்தாவுக்கு மாறினார்கள். நமது கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் என்று நம் மொழிப் பெயரையே தாங்கிய தோட்டத்தில்தான், 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் ஊன்றப்பட்டது. ஊன்றியவர் ஆங்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. அவர் பிற்காலத்தில் மலாயா வாழ்க்கையைப் பற்றி ஒரு நாவல் எழுதி, பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற கொங்கூர் பரிசை 1930-இல் பெற்றார்.

துரையின் கதையைப் பாரிசு நகரமே படித்தது. ஆனால் அதே காலத்தில் தோட்டத்துக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' எழுதிக் காட்டியவரின் கதையை யார் எழுதி வைத்தார்கள்? அவர் விட்டுச் சென்ற தடயம் பெரும்பாலும் ஒரு வருகைப் பதிவேடு மட்டுமே.

அந்த ஆசிரியர் யார் என்று பார்ப்போம். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், பின்னர் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கடமையைக் கொண்டுவந்தன. சட்டம் வந்துவிட்டது. ஆனால் கட்டடத்திற்கும் ஆசிரியருக்கும் எங்கே போவது? பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியர் ஆனார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பாடம் நடந்தது. ஒரே ஆள், ஒரே அறை, எல்லா வகுப்புகளும் ஒன்றாக! சற்று வளர்ந்த பிள்ளைகளைப் புல் வெட்டவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் அனுப்பிவிட்டால், பாதி வகுப்பு காலியாகிவிடும்.

அந்த ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, சம்பளமும் சொற்பம், துரை நினைத்தால் வேலையும் போய்விடும். ஆனாலும் லயத்தில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. மாலையில் அவர் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து உட்காருவார்கள். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். "அம்மாவுக்கு நலம், மழை உண்டா, மாடு கன்று போட்டதா" என்று ஒருவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஊரிலிருந்து பதில் வந்தால் அவரே படித்துக் காட்டுவார். ஒரு குடும்பத்தின் சிரிப்பும் அழுகையும் முதலில் அவர் கண்ணில்தான் படும். கூலியாக ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு முழம் பூவோ வரும். 'வாத்தியாரையா' என்று அழைக்கும் அந்தக் குரலிலும், அந்த ஒரு சீப்புப் பழத்திலும் கிடைத்த மகிழ்ச்சி அவரை நிறுத்தி வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே ஒன்றை மறந்துவிடக்கூடாது. சிறு மகிழ்ச்சி என்பது உரிமைக்கு மாற்று அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். பள்ளிக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அந்த இரத்தத்தில் பங்கு உண்டு. இன்று நாங்கள் உட்கார்ந்திருக்கும் நிழல் அப்படி வந்த நிழல்தான்.

அதன்பின் ஜப்பானியர் ஆட்சி. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் ஆயிரமாயிரமாய்க் கொண்டு செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. போர் முடிந்ததும் பள்ளிகள் மீண்டும் எழுந்தன. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நிலம் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. மக்கள் பட்டணம் போனார்கள். இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம்.

பள்ளி நிலைக்க வேண்டுமானால் ஆசிரியர் நிலைக்க வேண்டும். ஆசிரியர் மனம் தளர்ந்து விலகிப் போகும் சிக்கல் நம் தோட்டத்தில் மட்டும் தோன்றியதன்று. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

ரெய்ம்ஸ் என்ற நகரில் ஜான் பாப்டிஸ்ட் டி லசால் என்ற செல்வக் குடும்பத்துக் குருவானவர் இருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் வேலை செய்த ஆசிரியர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்து தங்கவைத்துப் பழக்கினார். ஆனால் முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் விலகிப் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கும், "நாளை முதுமை வந்தால் எங்களை யார் பார்ப்பார்கள்?" என்ற கவலை. கடவுளை நம்புங்கள் என்று அவர் சொன்னபோது, "உங்களுக்குச் சொத்து இருக்கிறது, நீங்கள் எளிதாகச் சொல்லலாம், எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்ற பொருளில் அவர்கள் மறுமொழி சொன்னார்களாம். பாட்டி எங்களிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே! லசால் அந்தச் சொல்லைத் தட்டிக்கழிக்கவில்லை. 1683-இல் வருமானமுள்ள தம் திருச்சபைப் பதவியைத் துறந்தார். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ஆசிரியர்களுள் ஓர் ஆசிரியராய் அவர்களோடு உட்கார்ந்தார். லத்தீன் மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கும் வழக்கம் இருந்த அந்தக் காலத்தில், பிள்ளைகள் வீட்டில் பேசும் தாய்மொழியிலேயே வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். தாய்மொழிப் பள்ளி வேண்டும் என்று போராடும் நமக்கு அவர் அந்நியர் அல்லர். அவருடைய சபைத் துறவிகள் 1852-இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1950-இல் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது.

மகிழ்ச்சியையே கல்வியின் கருவியாக்கிய இன்னொருவர் இத்தாலி நாட்டு டொன் போஸ்கோ. 1815-இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இரண்டு வயது நிறையுமுன்னே தந்தையை இழந்தவர். சிறுவயதில் கயிற்றில் நடந்தும் செப்பிடு வித்தை காட்டியும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்வார். 1832-இல், மாணவராக இருந்தபோதே, தோழர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அதன் பெயரே மகிழ்ச்சிச் சங்கம்! முகம் வாடியிருக்கக்கூடாது, கடமையையும் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அவர் தொடங்கிய சலேசிய சபையார் இந்தியாவில் முதன்முதலாக 1906-இல் வந்து இறங்கிய ஊர் எது தெரியுமா? தஞ்சாவூர்! நம்மில் எத்தனையோ குடும்பங்களின் பூட்டன் பூட்டி கப்பலேறி வந்த அதே சீமை.

மூன்றாமவர் நமக்கு இன்னும் நெருக்கமானவர். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில், கரம்பொன் என்ற ஊரில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளார்தான் அவர். ரோமாபுரியில் படித்துக் குருவானவர். 1940-ஆம் ஆண்டு முதல் சுமார் ஐந்து ஆண்டுகள் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற கிராமத்தில், புனித தெரேசா பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக வேலை பார்த்தார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர், ஆனால் தமிழ் இலக்கியத்தில் போதிய பயிற்சி இல்லாதவர். தமிழ்ப் பிள்ளைகளின் நடுவே நின்று அந்தக் குறையை உணர்ந்தார். வெட்கப்பட்டு ஒதுங்கினாரா? இல்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராய் உட்கார்ந்தார். பள்ளி நிர்வாகம், வகுப்பு, ஆலயப் பணி ஆகியவற்றுக்கிடையே சங்கப் பாட்டுகளைப் பாடம் கேட்டார்.

ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தமக்கென்று தேடிக்கொண்ட அந்தச் சின்ன இன்பம் எவ்வளவு தூரம் போயிற்று பாருங்கள். அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். உலகத்தார் தமிழை அறியும்படி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி இதழ் நடத்தினார். 1961-இல் நம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இந்திய இயல் துறைத் தலைவராக வந்தார். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரல் மாதத்தில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது சென்னையில் அன்று, மதுரையில் அன்று, நம் கோலாலம்பூரில்! 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை அவர் மீண்டும் பதிப்பித்ததும் அதே 1966-இல், அதே கோலாலம்பூரில்தான். அடிகளார் 1980-இல் மறைந்தார். வடக்கன்குளத்துப் பள்ளியில் அவர் தமிழ் படிக்க உட்கார்ந்திராவிட்டால் இவையெல்லாம் நடந்திருக்குமா?

இந்த மூவரையும் நினைத்துக்கொண்டு, அந்த மழை வாரத்துக்கு மீண்டும் வருவோம்.

செம்பிலாங் என்பது கெளுத்தி இனத்து மீன் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதன் முள் குத்தினால் நாள் முழுதும் கடுக்கும். அதையே புளி கரைத்துக் குழம்பு வைத்தால் இன்னொரு பிடி சோறு கேட்கும். எங்கள் வாரமும் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமையே ஒரு குடும்பம் பட்டணம் போவதாகச் சொல்லி மகளின் மாற்றல் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போயிற்று. மொத்தமே சில பத்துப் பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரு நாற்காலி காலியாவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாங்கள் அறிவோம். செவ்வாய்க்கிழமை அறிக்கையைக் கேட்டுத் தொலைபேசி மேல் தொலைபேசி. அன்று உணவுக்கடை அக்காள் கேட்காமலே ஒரு கோப்பைத் தேநீரையும் இரண்டு சுடச்சுட வடையையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். புதன்கிழமை மின்சாரம் போயிற்று. விசிறி நின்றது, கணினியும் நின்றது. வேறு வழியில்லாமல் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துக் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒருசேர மின்னுவதை ஒரு சிறுவன் கையை விரித்தும் மூடியும் காட்ட, எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கையை விரித்து மூடின. அறிவியல் பாடம் அதைவிட நன்றாக எங்கே நடக்கும்? வியாழக்கிழமை எதுவுமே சரியாக அமையவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதிவிடலாமா என்று எண்ணினோம் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரம். திங்கட்கிழமை வந்த அதே பாட்டி வாசலில் நின்றார். கையில் நாலாய் மடித்த ஒரு தாள். "டீச்சர், இது என் பேருதானா, கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார். பென்சிலால், கோணல் மாணலாக, கட்டம் போட்ட தாளில் அவருடைய பெயர். வாழ்நாள் முழுவதும் சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்தவர். இரண்டாம் வகுப்புப் பேரன் ஒவ்வோர் இரவும் கையைப் பிடித்து எழுதப் பழக்கியிருக்கிறான். அந்தப் பையன்தான் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் எழுத்தையும் அடையாளம் காணாமல் திகைத்தவன்! ஓர் எழுத்து மட்டும் பிழை. 'ண'வுக்கு 'ன' போட்டிருந்தார். திருத்தலாமா என்று யோசித்தோம். "உங்க பேருதான் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பேரனைத் தனியாக அழைத்து அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தோம். வீட்டில் திருத்தும் பெருமை அவனுக்கே சேரட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்தபோது, மாற்றல் எண்ணம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 1882-இல் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஃபே சாமியார் குடியிருப்பு அமைத்த காலத்திலிருந்து, ஞாயிறு பூசையும் வாரநாள் பள்ளியும் எங்கள் மக்களுக்குப் பக்கம் பக்கமாகவே வந்திருக்கின்றன. மாரியம்மன் கோயில் திருவிழாவில் உங்களுக்குக் கிடைக்கும் தெம்பு எதுவோ, அந்தத் தெம்புதான் அங்கே எங்களுக்கும் கிடைக்கிறது.

அன்பர்களே! இப்போது அந்தப் பாட்டிக்குச் சொல்லும் பதில் இதுதான்: ஆம், எங்கள் வேலை நிழலில்தான். ஆனால் உங்கள் வேலையின் பலன் அன்று மாலையே ஸ்டோரில் பாலாக நிறுக்கப்படும், குலையாக எண்ணப்படும். எங்கள் வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியப் பத்து ஆண்டு, இருபது ஆண்டு ஆகும். அதுவரை எங்களைத் தாங்கி நிற்பவை இப்படி வந்து போகும் சின்ன மகிழ்ச்சிகள்தாம். அவற்றில் பலவற்றை எங்களுக்குத் தருகிறவர்கள் நீங்கள்.

ஆகவே பெற்றோர்களிடம் எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. கூரை ஒழுகுகிறது, ஆசிரியர் போதவில்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக உரக்கக் கேளுங்கள். 1941-இல் உங்கள் பாட்டனார் கேட்டது போலக் கேளுங்கள். அதோடு, பிள்ளை புதிதாக ஒரு சொல்லைப் படித்துவிட்டால் அதை ஆசிரியரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை வீட்டில் எழுதிய தாளைக் கொடுத்தனுப்புங்கள். எழுதத் தெரியாத மூத்தவர்கள் பேரப்பிள்ளையிடம் இன்றிரவே கையை நீட்டுங்கள். செலவு ஒரு பென்சில்தான்.

அந்தப் பாட்டி எழுதிய தாள் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. 'ண' திருத்தப்பட்டுவிட்டது.